இரும்பு சுமந்த நீர்வழி

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை அடைவதற்கு முன் தண்டலம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், நம் காலத்துத் தொழில் வளத்தைக் கண்கூடாகக் காணலாம். உருக்குத் தகடுகளைச் சுருள் சுருளாகச் சுமந்த லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. புதிய மோட்டார் வண்டிகளை அடுக்கடுக்காக ஏற்றிய நீண்ட ஊர்திகள் எதிரே வருகின்றன. திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் பரந்து கிடக்கும் தொழிற்சாலைகளுக்கு இச்சாலைகளே இரத்தக் குழாய்கள் எனலாம்.

இரும்பு எளிதில் இடம்பெயரும் பொருளன்று. ஒரு கன அடி இரும்பின் நிறை ஏறக்குறைய 220 கிலோகிராம். மூன்று ஆட்களின் நிறை ஒரு சிறிய பெட்டியளவு இரும்பில் அடங்கிவிடுகிறது! இத்தகைய பொருளை, லாரியும் இரயிலும் தோன்றாத காலத்தில் மக்கள் எவ்வாறு கொண்டுசென்றனர்? மாட்டு வண்டி சுமப்பது சிறிதளவே. மழை பெய்தால் மண்சாலை சேறாகிவிடும். வண்டியின் சக்கரம் அச்சு வரையில் புதைந்துவிடும். ஆகவே, அக்காலத்து மக்கள் நீரின் துணையை நாடினர்.

நிலத்தின்மேல் இழுப்பது அரிது. நீரின்மேல் இழுப்பது எளிது. மிதக்கும் பொருளின் நிறையை நீர் தானே தாங்கிக்கொள்கிறது. இழுப்பவர் நீரின் மெல்லிய தடையை வென்றால் போதும். இங்கிலாந்து நாட்டில் வொர்ஸ்லி என்னுமிடத்திலிருந்த நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து மான்செஸ்டர் நகரத்துக்கு 1761-ஆம் ஆண்டில் கால்வாய் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பயனாக அந்நகரத்தில் நிலக்கரியின் விலை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விலையைக் குறைத்தது சுரங்கமன்று, வழியே ஆகும். இதனைக் கண்ட தொழிலதிபர் பலரும் கால்வாய் வெட்டுவதில் முனைந்தனர்.

அவ்வாறு எழுந்த கால்வாய்களுள் ஒன்று, வேல்சு நாட்டின் தென்பகுதியில் அமைந்த கிளமார்கன்ஷயர் கால்வாய். அங்கே மெர்தர் டிட்வில் என்னும் ஊரைச் சூழ்ந்த மலைகளில் இரும்புத் தாதும், நிலக்கரியும், சுண்ணாம்புக் கல்லும் அருகருகே கிடைத்தன. இரும்பை உருக்குவதற்கு வேண்டுவன இம்மூன்றே. எனவே, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நான்கு பெரிய இரும்பாலைகள் அங்கே தோன்றின. எல்லாம் இருந்தும், கடலுக்குச் செல்ல நல்ல வழி மட்டும் இல்லை. கார்டிஃப் துறைமுகமோ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆலை முதலாளிகள் கூடிப் பொருள் திரட்டினர். 1790-இல் சட்டம் நிறைவேறியது. 1794-இல் கால்வாய் திறக்கப்பட்டது.

மெர்தர் டிட்விலுக்கும் கடலுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறக்குறைய 165 மீட்டர். மலையிலிருந்து படகு எவ்வாறு இறங்கும்? அதற்காக வழிநெடுக ஏறக்குறைய ஐம்பது கல் தொட்டிகளைக் கட்டினர். ஒவ்வொரு தொட்டிக்கும் மேற்புறம் ஒரு கதவும் கீழ்ப்புறம் ஒரு கதவும் உண்டு. படகு தொட்டிக்குள் வந்ததும் மேற்கதவை மூடிவிட்டு, நீரைச் சிறிது சிறிதாகக் கீழே வடிய விடுவர். நீர் தாழத் தாழப் படகும் தாழும். கீழேயுள்ள கால்வாயின் மட்டத்தை அடைந்தவுடன் கீழ்க்கதவைத் திறப்பர். மேலேறும் படகுக்கு இதே முறையைத் திருப்பிச் செய்வர். இங்ஙனம் ஒரே குதிரை, ஓர் ஆள், ஒரு சிறுவன் ஆகியோரின் துணைகொண்டு 20 டன் இரும்பு மலையிலிருந்து கடலுக்கு இறங்கிற்று.

தொழில் வளர வளரக் கால்வாயில் நெருக்கடி மிகுந்தது. அதன் மேற்பகுதியில் ரிச்சர்டு கிராஷே என்னும் ஆலை முதலாளியின் செல்வாக்கே ஓங்கியிருந்தது. மற்ற ஆலையினர் மனம் பொறாது, கால்வாய்க்குப் பக்கத்திலேயே குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்துக்கொண்டனர். 1804-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், அப்பாதையில் ரிச்சர்டு டிரெவிதிக் என்பவர் செய்த நீராவி எஞ்சின், 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துச் சென்றது. உலகில் தண்டவாளத்தின்மேல் பாரம் இழுத்த முதல் நீராவி எஞ்சின் அதுவே. 1841-இல் இருப்புப்பாதை கார்டிஃபிலிருந்து மெர்தர் டிட்வில் வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. பின்னர்க் கால்வாயின் பெருமை மங்கியது. 1898-இல் அதன் மேற்பகுதி மூடப்பட்டது. கால்வாய் வளர்த்த இரும்பே தண்டவாளமாகிக் கால்வாயை வென்றது!

இத்தகைய முயற்சி நம் தமிழ்நாட்டிலும் நடைபெற்றது என்பதைப் பலர் அறியார். வேல்சு மலைகளின் கதை வெற்றியின் கதை. நம் நாட்டுக் கதையோ தோல்வியின் கதை. ஆயினும், வெற்றி கற்பிக்காத பாடத்தையும் தோல்வி கற்பிக்கும் அன்றோ?

தமிழகத்தில் இரும்புத் தொழில் மிகப் பழமையானது. சேலம் மாவட்டத்தில் கஞ்சமலை முதலிய இடங்களில் காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாது மிகுதியாக உள்ளது. மலையிலிருந்து மழைநீர் அடித்துவரும் கரிய மணலையும், தாதுக் கற்களை இடித்த தூளையும் அங்குள்ள மக்கள் சேர்த்து வைப்பர். மண்ணால் கட்டிய சிறிய உலையில் தாதையும் மரக்கரியையும் மாறி மாறி இட்டுத் தோல் துருத்தியால் ஊதுவர். அடியில் திரண்ட இரும்புக் கட்டியை எடுத்து, சம்மட்டியால் அடித்துத் தூய்மை செய்வர். பின்பு அவ்விரும்புத் துண்டுகளை ஆவாரங் குச்சிகளோடும் எருக்க இலையோடும் சிறு மண் குகைகளில் வைத்து மூடிச் சூடேற்றினால், உயர்ந்த உருக்குக் கிடைக்கும். தென்னாட்டு உருக்கின் புகழ் கடல் கடந்தும் பரவியிருந்தது.

இத்தொழிலைக் கண்டு வியந்தவர்களுள் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயரும் ஒருவர். கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னை அரசாங்கத்தில் அவர் அலுவல் பார்த்தவர். ‘இவ்வளவு சிறந்த தாது கிடைக்கும் நாட்டில், பெரிய உலைகளை அமைத்தால் என்ன?’ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. தம் பதவியைத் துறந்தார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்வதற்கான தனியுரிமையையும், அரசாங்கத்தின் பொருளுதவியையும் பெற்றார். 1830-இல் தென்னார்க்காட்டுக் கடற்கரையில், வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில், அவருடைய இரும்பாலை எழுந்தது. போர்ச்சுகீசியர் ‘போர்ட்டோ நோவோ’, அதாவது ‘புதுத் துறைமுகம்’, என்று பெயரிட்ட ஊர் அது. 1833-இல் அம்முயற்சி ஒரு கம்பெனியாக உருப்பெற்றது. காலப்போக்கில் மலையாளக் கரையிலுள்ள பேப்பூரிலும், சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியிலும், திருவண்ணாமலையிலும் கிளைகள் ஏற்பட்டன.

தாது இருப்பதோ சேலத்து மலைகளில். உலை இருப்பதோ கடற்கரையில். கப்பலில் எஞ்சின்களையும் உலைக்குரிய கருவிகளையும் இறக்குவதற்கும், உருக்கிய இரும்பை ஏற்றி அனுப்புவதற்கும் கடற்கரை ஏற்றதாக இருந்தது. தாதைக் கொண்டுவருவதற்கோ, இயற்கையே ஒரு வழியை அமைத்து வைத்திருந்தது. அவ்வழி காவிரியாறு.

தாதைப் பரிசல்களில் ஏற்றிக் காவிரியில் விட்டனர். மூங்கிற் பிளாச்சுகளால் கூடைபோல் முடைந்து, மேலே மாட்டுத் தோலைப் போர்த்திய வட்டமான ஓடமே பரிசல். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை; ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும்; பாறையில் உராய்ந்தாலும் எளிதில் உடையாது. கீழே செல்லும்போது பரிசல் மனிதனைச் சுமக்கும். மேலே திரும்பும்போது மனிதன் பரிசலைச் சுமப்பான். இத்தகைய ஓடங்களில் தாது பவானி, ஈரோடு, கரூர் என்னும் ஊர்களைக் கடந்து திருச்சிராப்பள்ளியை நோக்கி வந்தது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் வழியே கடலை நோக்கிச் சென்றது.

ஆனால், கொள்ளிடத்தின் முகத்துவாரம் வேறு; வெள்ளாற்றின் முகத்துவாரம் வேறு. இரண்டிற்கும் இடையே பிச்சாவரத்துச் சதுப்பு நிலமும், சுரபுன்னைக் காடும், உப்பங்கழிகளும் பரந்து கிடக்கின்றன. அலை வீசும் திறந்த கடலில் பரிசல் செல்லாது. இவ்விரு ஆறுகளின் கழிமுகங்களையும் இணைத்த சிறிய நீர்வழிதான் கான் சாகிப் கால்வாய். அதன் நீளம் சிறிது. அதன் பயனோ பெரிது. மலையிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஆற்று வழியாக வந்த தாது, அச்சிறு கால்வாய் இல்லையேல் உலையின் வாயிலை அடைந்திராது. சங்கிலி நீளமாயினும், ஒரு கண்ணி இல்லையென்றால் அது சங்கிலியாகாது.

வேல்சு நாட்டுக் கால்வாயைப் போல இதற்குக் கல் தொட்டிகள் தேவைப்படவில்லை. கடலின் ஓதமே இதில் நீரை ஏற்றும், ஓதமே இறக்கும். ஓதம் அறிந்து ஓடம் விடுதலே கழிமுகத்து மக்களின் கலை. கரையில் நிற்கும் சுரபுன்னை மரங்களின் வேர்கள் நீரில் முழுகுவதையும் வெளிப்படுவதையும் கண்டே அவர்கள் காலத்தைக் கணிப்பர்.

இவ்வாறு தாது வந்தது, உலை எரிந்தது, இரும்பு உருகியது. பரங்கிப்பேட்டை இரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது; உருக்குக்குப் பெயர்பெற்ற ஷெஃபீல்டு நகரத்தில் அதனை நல்ல இரும்பென்று மதித்தனர். எனினும் கம்பெனி செழிக்கவில்லை. ஆண்டுதோறும் கடன் வளர்ந்தது. நல்ல தாதும், நீர்வழியும், துறைமுகமும், தனியுரிமையும் இருந்தும் அம்முயற்சி ஏன் தளர்ந்தது?

முதற்காரணம் எரிபொருள். மெர்தர் டிட்விலில் நிலக்கரி ஆலையின் பக்கத்திலேயே கிடைத்தது. பரங்கிப்பேட்டைக்கு அருகிலோ அக்காலத்தில் எவரும் நிலக்கரியைக் கண்டதில்லை. அங்குள்ள உலைகள் மரக்கரியையே உண்டன. நான்கைந்து டன் விறகை மூட்டம் போட்டு எரித்தால் ஒரு டன் கரி கிடைக்கும். ஒரு டன் இரும்பை எடுக்கவோ ஒரு டன் கரி போதாது. கணக்கிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு டன் இரும்புக்கும் பத்து டன் விறகேனும் வேண்டும். கிராமத்துச் சிறு உலை அருகிலுள்ள புதரிலிருந்து பெற்ற கரியால் நிறைவடைந்தது. பெரிய உலையோ இரவும் பகலும் எரிவது. அதனை அணையவிட்டால் உள்ளிருப்பது உறைந்து கெட்டுவிடும். அதன் பசிக்கு ஒரு காடு சிலகால உணவே!

முதலில் அருகிலிருந்த காட்டிலிருந்து கரி வந்தது. அக்காடு குறைந்ததும் அதற்கு அப்பாலிருந்து வந்தது. வெட்டிய மரம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் வேண்டும். உலையோ ஒரு நாளும் பொறுக்காது. தொலைவு கூடக் கூட விலையும் கூடியது. தாது நீரில் மிதந்து மலிவாக வந்தது. கரியோ வண்டியேறி விலையுயர்ந்து வந்தது. நீர்வழியால் பெற்ற இலாபத்தை நிலவழி விழுங்கிவிட்டது.

இரண்டாவது காரணம் நீரின் நிலையாமை. வேல்சு நாட்டில் கால்வாய்க்கு வேண்டிய நீரைத் தேக்கி வைத்து வேண்டியபோது விட்டனர். அக்காலத்துக் காவிரியோ பருவமழையை நம்பிய ஆறு. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934-இல்தான். தென்மேற்குப் பருவமழை பெய்தால் ஆறு பெருகும்; கோடையில் மணல் தெரியும். பெருக்குள்ள மாதங்களில் வந்த தாதை வைத்தே வறண்ட மாதங்களையும் ஓட்ட வேண்டும்.

மூன்றாவது காரணம் போட்டி. இங்கிலாந்தில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கற்கரியால் உருக்கிய இரும்பு, கப்பல் கப்பலாக இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. கால்வாயும் இருப்புப்பாதையும் அதன் விலையைக் குறைத்திருந்தன. மரக்கரியால் செய்த இரும்பு தரத்தில் தாழவில்லை, விலையில் தோற்றது.

ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அங்கும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. உருக்குடன் மாங்கனீசைச் சேர்த்தால் அது மேலும் சிறந்ததாகும் என்று கண்டு, 1839-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகள் அம்முறையால் பெரும்பொருள் ஈட்டின. கண்டவருக்கோ நீண்ட வழக்குகளே கிடைத்தன. வழக்கின் இறுதித் தீர்ப்பு 1855-இல் அவருக்கு மாறாக வந்தபோது, அதனைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

1853-இல் பரங்கிப்பேட்டை ஆலை ‘கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி’ என்னும் புதிய கம்பெனியின் கைக்கு மாறியது. முதல் புதிது, பழைய குறையோ அப்படியே இருந்தது. அக்காலத்திலேயே காடுகள் அருகிவருவதைக் கண்டு அரசாங்கமும் கவலை கொள்ளத் தொடங்கியது. 1856-இல் சென்னை மாகாணத்தில் காட்டிலாகா அமைக்கப்பட்டு, ஹியூ கிளெகார்ன் என்பவர் அதன் தலைவரானார். அதே ஆண்டில் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட முதல் இரயிலும் விறகுக்குப் போட்டியாக வந்தது. பூலாம்பட்டி, பரங்கிப்பேட்டை, பேப்பூர் என்று உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 1870-களில் கம்பெனியே கலைந்தது.

ஓர் ஆலை மூடப்படும்போது முதலாளியின் நட்டம் ஏட்டில் எழுதப்படுகிறது. மலையில் தாது வெட்டியவர், காட்டில் கரி சுட்டவர், ஆற்றில் பரிசல் விட்டவர், உலையின் முன் வெந்தவர் ஆகியோரின் நட்டம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. கம்பெனியின் பெரிய உலை அணைந்த பின் கிராமத்துச் சிறு உலைகளும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. அயல்நாட்டு இரும்பு சந்தைக்கு வந்தது. காட்டில் கரி சுடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. தலைமுறை தலைமுறையாக உருக்குச் செய்த கைகள் வேறு வேலை தேடின. காட்டைத் தின்றது பெரிய உலை. அதன் விலையைக் கொடுத்ததில் சிறிய உலைக்கும் பங்குண்டு.

பரங்கிப்பேட்டை கற்பித்த பாடம் வீண்போகவில்லை எனலாம். பிற்காலத்தில் ஜாம்ஷெட்பூரில் டாட்டா இரும்பாலையை நிறுவியோர், தாது, நிலக்கரி, நீர், இருப்புப்பாதை ஆகிய நான்கும் எங்கே ஒருங்கே எய்தும் என்பதை நெடிது ஆராய்ந்த பின்னரே இடத்தைத் தேர்ந்தனர். அவ்வாலையின் உலையிலிருந்து 1911-இல் முதல் இரும்பு வெளிவந்தது. சேலத்திலும் ஓர் உருக்காலை வேண்டுமென்னும் தமிழ் மக்களின் நெடுநாள் விருப்பத்துக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆகவே, கால்வாயின் வரலாறு நமக்கு உணர்த்துவது என்ன? வழி இருந்தால் மட்டும் தொழில் வளர்ந்துவிடாது. மெர்தர் டிட்விலில் எல்லாம் இருந்தன. வழி மட்டும் இல்லை. வழி வந்ததும் தொழில் செழித்தது. பரங்கிப்பேட்டையிலோ வழி இருந்தது, எரிபொருள் நிலைக்கவில்லை. ஆகையால் தொழில் சாய்ந்தது. ஒரு தொழிலின் ஆயுளை அளப்பது அதனிடம் மிகுதியாக உள்ள பொருளன்று. குறைவாக உள்ள பொருளே.

மீண்டும் தண்டலத்துச் சாலைக்கு வருவோம். இங்கே வழிக்குக் குறைவில்லை. நெடுஞ்சாலை உண்டு, அருகில் துறைமுகம் உண்டு, மின்சாரம் உண்டு, உழைக்கும் இளைஞர் உண்டு. பரங்கிப்பேட்டை உலைக்குக் காடு எப்படியோ, அப்படி இவ்வட்டாரத் தொழிலுக்கு உள்ள பொருள் எது? சாலையிலிருந்து சிறிது தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. முன்னோர் வெட்டிய ஏரிகளும் வரத்துக்கால்களும் இப்பகுதி எங்கும் பரவியுள்ளன. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அப்பேரேரி வறண்டு, வெடித்த நிலமாகக் காட்சியளித்ததைக் கண்டவர் பலர். வீட்டுக் குடமும் தொழிற்சாலைக் குழாயும் எதிர்பார்ப்பது ஒரே மழையைத்தான்.

கான் சாகிப் கால்வாயில் இன்றும் ஓதம் ஏறி இறங்குகிறது. மீனவரின் படகுகள் செல்கின்றன. இரும்புத் தாது செல்வதில்லை. அந்நீர்வழி தன் கடமையைச் செய்தது. காடு தீர்ந்ததற்கு அது பொறுப்பன்று. கண்ணுக்குத் தெரியும் வழியைப் போற்றியவர்கள், கண்ணுக்குத் தெரியாமல் தேய்ந்த காட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாளை இத்தொழிற்சாலைகளில் பணியாற்றப் போகின்றவர்களும், அவற்றை நிறுவப் போகின்றவர்களும் இன்று பள்ளியில் பயில்கின்றவர்களே. ஒரு தொழிலைக் காணும்போது, ‘இது எதைத் தருகிறது?’ என்று கேட்பதோடு அவர்கள் நின்றுவிடலாகாது. ‘இது எதை உண்டு வாழ்கிறது? அப்பொருள் மீண்டும் வளர நாம் காலம் தருகின்றோமா?’ என்றும் கேட்டல் வேண்டும்.